பொய் விலாசத்தில் முதலாம் தரம்: வெளியே தள்ளப்படுவது யாருடைய பிள்ளை?

தரம் 1 அனுமதிக்கான அறிவித்தல் வந்தால் போதும், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "ஸ்கூலுக்குப் பக்கத்துல தெரிஞ்ச ஆக்கள் யாரும் இருக்காங்களா? ஒரு அட்ரஸ் எடுக்கலாமா?" கேட்கிறவர்கள் வங்கியில் வேலை செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கோயிலுக்கு அன்னதானம் கொடுக்கிறவர்கள். சீனி என்ன விலை என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கூச்சம்கூடக் குரலில் இல்லை. வயிறு எரிகிறது.

இது கல்வி அமைச்சை ஏமாற்றுகிற விசயம் என்று நினைத்துத்தான் பலர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அமைச்சுக்கு இதனால் ஒரு சதம் நட்டமில்லை. நட்டம் யாருக்கு என்று புள்ளிக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பாடசாலையின் தரம் 1 இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. மீதி சகோதரர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர் என்று பிரிகிறது. அருகில் வசிப்போர் பிரிவில் தூரத்துக்கு மட்டும் 50 புள்ளி; மீதி வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி போன்ற வதிவிட ஆவணங்களுக்கு. வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாக எடுத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். சேரக்கூடிய என்றால் மொழிமூலமும் ஆண் பெண் என்பதும் பொருந்த வேண்டும். சிங்கள மொழிமூலம் மட்டும் உள்ள பாடசாலை தமிழ் மொழிமூலப் பிள்ளையின் கணக்கில் வராது.

கொட்டாஞ்சேனையில் உண்மையாகவே குடியிருக்கும் ஒரு பிள்ளையை எடுங்கள். வட்டத்துக்குள் வேறு இரண்டு பாடசாலை இருந்தால் 10 கழிந்து 40. வத்தளையில் இருந்து அதே பாடசாலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு, வட்டத்துக்குள் பத்துப் பாடசாலை வந்தால் 50 உம் போய்ப் பூச்சியம். அந்தத் தகப்பன் பாடசாலை மதிலை ஒட்டின வீட்டு இலக்கத்தை எழுதுகிறார். பூச்சியம் 50 ஆகிறது. இந்தப் பிரிவில் 40 இடம் என்று வையுங்கள், அதில் எட்டுப் பேர் இப்படி மேலே ஏறிவிட்டார்கள். 33 ஆம் இடத்திலிருந்து 40 ஆம் இடம் வரை நியாயமாக உள்ளே வந்திருக்க வேண்டிய எட்டுப் பிள்ளைகள் வெளியே. கூடுதல் கதிரை ஒன்றும் முளைப்பதில்லை. ஒவ்வொரு பொய் விலாசத்துக்கும் பெயரும் முகமும் உள்ள ஒரு ஐந்து வயதுப் பிள்ளை வெளியே போகிறது. அந்தப் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியாது என்பதால்தான் இரவில் உங்களுக்கு நித்திரை வருகிறது.

இனித்தான் எனக்குப் பொறுக்கவே முடியாத இடம். பொய் சொல்கிறவரிடம் எல்லாப் பத்திரமும் இருக்கும், உண்மையாகக் குடியிருக்கிறவரிடம் ஒன்றும் இருக்காது.

பொய்க்காரர் ஐந்து வருடம் முன்னமே திட்டம் போடுகிறார். பிள்ளை பிறந்த கையோடு மாமாவின் வீட்டு விலாசத்தில் புருசன் பெண்சாதி இரண்டு பேரின் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறும். நொத்தாரிசிடம் போய், வீட்டோடு ஒட்டின அனெக்ஸ் ஒன்றுக்குக் குத்தகை உறுதி எழுதிப் பதிவார். வங்கிப் புத்தகம், டெலிபோன் பில், அடையாள அட்டை எல்லாம் அதே விலாசத்துக்கு மாறும். நேர்முகப் பரீட்சைக்கு வரும்போது பைலில் பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் உறை, மூலப்பிரதி ஒரு பக்கம், போட்டோக் கொப்பி மறுபக்கம். குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

முகத்துவாரத்தில் ஒரு தோட்டத்து வீட்டில், அதாவது நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில், பத்து வருடமாக வாடகைக்கு இருக்கிற குடும்பத்தைப் பாருங்கள். பாடசாலை மணி அடித்தால் அடுப்படியில் கேட்கும். ஆனால் லைட் பில் வீட்டுக்காரரின் பெயரில், தண்ணி பில் அவர் பெயரில், சோலைவரித் துண்டு அவர் பெயரில். வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால், "அப்படியெண்டா வேற வீடு பாருங்க" என்பார். வாக்காளர் படிவத்தில் இவர்களின் பெயரை எழுதவும் அவருக்குப் பயம், நாளைக்கு வீட்டை விட்டு எழும்ப மாட்டார்கள் என்று. தூரத்துக்கு முழுப் புள்ளி வாங்கக்கூடிய பிள்ளை இடாப்பிலும் உறுதியிலும் புள்ளி இழந்து, தெரிவானவர்களின் தற்காலிகப் பட்டியலுக்கே வராமல் போகிறது. அந்தத் தாயிடம் நேர்முகப் பரீட்சைச் சபையில், "வதிவிடத்தை உறுதிப்படுத்த வேற ஆவணம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். அவள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை நீட்டுகிறாள். அதில் அந்த விலாசம் குடும்பநல உத்தியோகத்தரின் கையெழுத்தில் இருக்கும். அந்த அட்டை அவளைக் கரைசேர்க்காது.

வீட்டைப் பார்க்க வருகிற குழுவுக்குக் கண் இருந்தால் பொய் வீடு உடனே தெரியும். நாலு பேர் மூன்று வருடமாக இருக்கிறதாகச் சொல்கிற அனெக்சில் மின்மானி மாதம் பத்து யூனிட் காட்டும். பல்துலக்கி எல்லாம் புதுசு, மயிர் விரியவில்லை. கொடியில் பிள்ளையின் உடுப்பு தொங்கும், கடையில் மடித்த மடிப்புக் கோடு அப்படியே இருக்கும். குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் இருக்காது. அடுத்த வீட்டில் இரண்டு கேள்வி கேட்டாலே போதும். கேட்பதில்லை. கிராம உத்தியோகத்தர் பார்க்காமலே வதிவிடச் சான்றிதழ் கொடுக்கிறார், அதைப் பார்த்துச் சபை புள்ளி போடுகிறது, அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை. காசு கை மாறுகிற இடங்களும் உண்டு. தரம் 1 அனுமதிக்கு இலஞ்சம் வாங்கி இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் பிடிபட்ட அதிபர்களைப் பற்றிச் செய்தி வராத காலமா?

இதே ஆட்கள் கிரிக்கெட் என்று வந்தால் எப்படிக் கொதிக்கிறார்கள்! 2023 நவம்பர் 6, டெல்லியில் ஹெல்மெட் வார் அறுந்து நின்ற அஞ்சலோ மெத்யூசை, இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக வேண்டும் என்ற விதியைக் காட்டி பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் கேட்டு ஆட்டமிழக்க வைத்தபோது, கொழும்பில் ஓட்டோவில், பஸ்ஸில், சலூனில் எங்கும் ஒரே பேச்சு. விதிப்படி சரி, ஆனால் நியாயம் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். 2010 ஆகஸ்ட் 16 தம்புள்ளையில் நம் ஆட்களே செய்ததும் நினைவிருக்கும். இந்தியா வெல்ல ஒரு ஓட்டம், சேவாக் 99 இல். அவருக்குச் சதம் போகக்கூடாது என்று சூரஜ் ரந்திவ் வேண்டுமென்றே நோபோல் போட்டார். இலங்கை கிரிக்கெட் சபை தன் வீரரையே ஒரு ஆட்டத்துக்கு நிறுத்தியது, அப்படிப் போடத் தூண்டிய டில்ஷானுக்குப் போட்டிக் கட்டணத்தை அபராதமாகப் போட்டது. வெறும் ஒரு சதத்துக்காக நம் பக்கத்து ஆளையே தண்டிக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளையின் பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடத்தைப் பறிக்கிறவனைத் தண்டிக்கத் தெரியவில்லை. தண்டிக்க வேண்டாம், "கெட்டிக்காரன், எப்படியோ போட்டுட்டான்" என்று மெச்சாமலாவது இருக்கலாமே!

பள்ளிக்கூடத்துக்காக இடாப்பில் ஏற்றின பெயர் அதோடு நிற்கிறதா? 2018 இலிருந்து உள்ளூராட்சித் தேர்தல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் நடக்கிறது. வட்டாரத்தில் சில நூறு வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கலாம். வத்தளையில் படுத்து எழும்புகிறவர் கொட்டாஞ்சேனை வட்டாரத்தின் உறுப்பினரைத் தெரிவு செய்கிறார். அங்கே வடிகான் அடைத்து வீட்டுக்குள் தண்ணி வந்தால் நனைவது அவர் இல்லை. பிறகு அரசியல்வாதி கள்ளன் என்று இதே வாயால் ஏசுகிறார். அறிஞர்களைச் சபைக்குக் கொண்டுவர என்று சொல்லி வைத்த 29 தேசியப் பட்டியல் ஆசனங்களில், மக்கள் தோற்கடித்தவர்களைக் கட்சிகள் பின்கதவால் ஏற்றியபோது எவ்வளவு கோபம் வந்தது! அரசியலமைப்பு அதைத் தடுக்கவில்லை, அதனால் செய்தோம் என்றார்கள். அவர்களிடமாவது சட்டத்தில் ஓட்டை இருந்தது. உங்களிடம் இருப்பது பச்சைப் பொய்.

"எல்லாரும் செய்றாங்க, நான் செய்யாட்டி என்ட பிள்ளைக்குத்தானே நட்டம்?" இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கொழும்பில் நல்ல தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. 1945 இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்து எத்தனை தலைமுறை போய்விட்டது, இன்னும் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை, மலசலகூடத்தில் தண்ணி இல்லை. அரசாங்கம் வெட்கப்பட வேண்டும். ஆனால் பொய் விலாசம் அந்தப் பாடசாலைக்கு ஒரு ஆசிரியரையும் கொண்டுவராது. வாய் திறந்து கேட்கக்கூடிய, கடிதம் எழுதத் தெரிந்த பெற்றோர் எல்லோரும் அங்கிருந்து களவாக வெளியேற, கேட்க நாதியில்லாத பிள்ளைகள் மட்டும் அங்கே மிஞ்சுகிறார்கள். அந்தப் பாடசாலை இன்னும் கீழே போகிறது. அடுத்த வருடம் இன்னும் பத்துப் பேர் அட்ரஸ் தேடுகிறார்கள்.

பொய் ஆவணம் என்று எப்போது தெரிய வந்தாலும் அனுமதியை இரத்துச் செய்யலாம் என்பது கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்திலேயே இருக்கிறது. பெற்றோர் செய்த வேலைக்கு, சிநேகிதர்களைப் பிரிந்து வகுப்பை விட்டு எழும்பப் போவது உங்கள் பிள்ளை. அதையும் யோசியுங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் தயவுசெய்து வீட்டுக்குள் இருந்து அழாதீர்கள். தற்காலிகப் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் பாடசாலை அறிவித்தல் பலகையில் போடப்படும். அதோடு மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கடைசித் திகதியும் இருக்கும். முதல் வேலை அதைப் போட்டோ எடுப்பது. உங்கள் பிள்ளையின் புள்ளி பிழை என்றால் மேன்முறையீடு, இன்னொருவரின் விலாசம் பொய் என்றால் ஆட்சேபனை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். "களவு நடந்திருக்கு" என்று பொதுவாக எழுதினால் குப்பைக்குள் போகும். எந்த இலக்க வீடு, அங்கே உண்மையில் யார் இருக்கிறார்கள், சொல்லக்கூடிய அயலவர் யார் என்று எழுதி அதிபருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த இடத்தில் எத்தனை புள்ளி வெட்டினார்கள் என்று சொல்ல மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருகிறோமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

தன் வீட்டு விலாசத்தை இரவல் கொடுக்கிற மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லோருக்கும் ஒன்று. வாக்காளர் படிவத்தில் கையொப்பம் வைப்பது நீங்கள். அடுத்த முறை மருமகன் பழக்கூடையோடு வந்து, "ஒரு சின்ன உதவி" என்று தொடங்கினால், பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேனையை எடுங்கள்.