ஒரு சொட்டுத் தண்ணி கூடாது

(மார்கழி மாதம். மதுரையில் ஒரு தெரு. சரோஜா அக்கா வீட்டுச் சமையலறை. எதிர்வீட்டு முருகேசன் கட்டைப்பையோடு நுழைகிறார்.)

முருகேசன்: அக்கா, பனிக்கு கையும் காலும் வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. வீட்லயே மாய்ஸ்சரைசர் பண்ணப் போறேன். பதினஞ்சு சாமான் வாங்கியாச்சு.

சரோஜா: மூணு போதுமே! பையக் கவுத்து, பாப்போம்.

முருகேசன்: பால், தயிர், கற்றாழை, எலுமிச்சம்பழம், பன்னீர், தேன், ஆப்ப சோடா...

சரோஜா: ஏன்டா, தோலுக்குத் தடவவா, தாளிக்கவா?

முருகேசன்: வீடியோல அப்பிடித்தாங்க்கா சொன்னாரு. மொத்தத்தையும் மிக்ஸில அடிச்சு டப்பால போட்டா மூணு மாசம் வருமாம்.

சரோஜா: வெளிய வச்சா மூணு நாள் தாங்காது. தண்ணி இருக்கற எதுலயும் கிருமியும் பூஞ்சணமும் வளரும். பால், தயிர், கற்றாழை எல்லாம் அதுகளுக்கு விருந்துச் சாப்பாடு. ஊறுகாய் ஜாடில ஈரக்கரண்டியப் போட்டா என்ன ஆகும்?

முருகேசன்: எங்கம்மா அதே கரண்டியால என்னைய அடிக்கும்.

சரோஜா: உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது வீடியோக்காரனுக்குத் தெரியல. வீட்ல செய்யறதுன்னா தண்ணியே இல்லாத களிம்புதான் சரி. எண்ணெயும் மெழுகும் மட்டும்.

முருகேசன்: பன்னீராவது ஊத்திக்கலாம்ல? அது தண்ணி இல்லையே.

சரோஜா: ரோஜாப்பூ குளிச்ச தண்ணி. ஓரமா வை.

முருகேசன்: எலுமிச்சம்பழம்? நிறம் குடுக்குமாம்.

சரோஜா: குடுக்கும், கருப்பு நிறம். சாறு பட்ட தோலோட வெயில்ல நின்னா சில பேருக்குக் கொப்புளமே வரும். அப்புறம் வாரக்கணக்கா கரும்பட்டை போகாது. சோடாவையும் எடுத்து வை. தோலுக்குன்னு லேசான அமிலத்தன்மை இருக்கு, சோடா காரம். வறண்ட தோலை இன்னும் வறட்டும்.

முருகேசன்: தேன்?

சரோஜா: எண்ணெயோட சேராது, அடில போய் உக்காந்துக்கும். அதைக் கால்ல தடவிட்டுப் படு. விடியறதுக்குள்ள எறும்பெல்லாம் உன்னைய மாடிப்படில எறக்கிக் கொண்டுபோயிரும்.

முருகேசன்: கற்றாழையவாச்சும் விட்டுவைங்கக்கா. பாவம், தொட்டிலருந்து நானே வெட்டுனது.

சரோஜா: அதை டப்பால அடைக்காத, அன்னன்னைக்குத் தோல்ல போடு. மடலை வெட்டி, வெட்டுவாய் கீழ பாக்கப் பத்து நிமிஷம் சாய்ச்சு வச்சா மஞ்சப் பால் வடிஞ்சுரும். அந்தப் பால்தான் அரிப்புக் குடுக்கும். அப்புறம் கழுவிட்டு உள்ள இருக்கற சோத்தை மட்டும் எடுக்கணும். சரி, மெழுகு எங்க?

முருகேசன்: இந்தா. தேன்மெழுகுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

சரோஜா: (மோந்து பார்த்து) வெரல்ல வச்சு உருட்டு. உண்மையான தேன்மெழுகு கைச்சூட்டுல இளகி உருண்டு வரும், தேன் வாசம் அடிக்கும். பொடிப்பொடியா உதிந்தா அது மெழுகுவத்தி மெழுகு. ம்... இது நல்ல சரக்குதான். தப்பிச்ச.

முருகேசன்: எத்தனை ஸ்பூன் போடணும்?

சரோஜா: மெழுகுச் சீவலை ஸ்பூன்ல அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும். தராசுல வை. நூறு கிராம் களிம்புக்கு 20 கிராம் மெழுகு, 50 கிராம் தேங்காயெண்ணெய், 30 கிராம் நல்லெண்ணெய்.

முருகேசன்: ஏன்க்கா ரெண்டு எண்ணெய்? தேங்காயெண்ணெய் மட்டும் போட்டா?

சரோஜா: அது 25 டிகிரிக்குக் கிட்டக்க உருகற சாமான். மார்கழில கல்லாட்டம் இறுகும், சித்திரைல தண்ணியா ஓடும். நல்லெண்ணெய் பனிக்கும் உறையாது, வெயிலுக்கு மெழுகு புடிச்சுக்கும். அதான் கணக்கு. மெழுகைச் சீவு. ஏய், அந்தத் தேங்காத் துருவிய எடுக்காத!

முருகேசன்: நல்லாத் துருவுதேக்கா.

சரோஜா: துருவும். அப்புறம் பல்லுக்குப் பல்லு மெழுகு அடைச்சுக்கும். நாளைக்குத் தேங்காச் சட்னில வாசம் வந்தா நானே உன்னையத் துருவிருவேன். கத்தியால சீவு.

(முருகேசன் சீவுகிறார். பாதி மெழுகு லுங்கியில்.)

சரோஜா: அகலமான பாத்திரத்துல ரெண்டு வெரக்கடைத் தண்ணி வச்சு, அதுக்குள்ள இந்த எவர்சில்வர் டபராவை வை. மெழுகை நேரா அடுப்புல வச்சா கருகும், பத்திக்கவும் பத்திக்கும். பத்திக்கிட்டா?

முருகேசன்: தண்ணி ஊத்தணும்.

சரோஜா: ஊத்துனா கூரைக்குப் போகும்! அடுப்பை அணைச்சுட்டுத் தட்டால மூடணும். நீ தண்ணிய மறக்கவே மாட்டியா?

முருகேசன்: கீழ மட்டும் தண்ணி வச்சுருக்கீங்க...

சரோஜா: வெளியதான இருக்கு, தளதளன்னு கொதிக்க விடாத, உள்ள தெறிக்கும். மெழுகு உருக 64 டிகிரி போதும். மொத மெழுகு, அது உருகுனப்புறம் எண்ணெய். எண்ணெய் ஊத்துனதும் திட்டுத்திட்டா உறையும், பயப்படாத. சூட்டுலயே கிண்டு, தெளிஞ்சுரும்.

(தெளிகிறது. முருகேசன் தானே கண்டுபிடித்ததுபோல மீசையைத் தடவுகிறார்.)

முருகேசன்: வாசத்துக்குப் பச்சைக் கற்பூரம் வாங்கியாந்தேன்.

சரோஜா: வீட்ல ரெண்டு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டா? கற்பூரம் சின்னப் பிள்ளைக உடம்புக்குள்ள போனா வலிப்பே வரும். வாசமே வேணாம். ஒரு ஸ்பூன்ல கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நிமிஷம் வை. வெரல்ல அழுத்திப் பாரு.

முருகேசன்: (சிறிது நேரம் கழித்து) கொஞ்சம் கெட்டியா இருக்குக்கா.

சரோஜா: அப்ப இன்னொரு அஞ்சு கிராம் நல்லெண்ணெய். தளர்ந்து போச்சுன்னா மெழுகு சேத்துத் திரும்ப உருக்கலாம். இதுல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல, உன் கையத் தவிர. டபராவோட அடியத் தொடச்சுட்டு ஊத்து. அடில ஒட்டுன தண்ணி சொட்டுச்சுன்னா பண்ணதெல்லாம் வீண்.

முருகேசன்: டப்பா கழுவித்தான் வச்சுருக்கேன்.

சரோஜா: காஞ்சுருச்சா?

முருகேசன்: கிட்டத்தட்ட.

சரோஜா: கிட்டத்தட்டன்னா ஈரம்னு அர்த்தம். வெயில்ல வச்சு எடுத்துட்டு வா.

(டப்பா காய்கிறது. ஊற்றுகிறார்கள். ஊற்றிய கையோடு முருகேசன் மூடியைத் திருகப் போகிறார். அக்கா கையில் ஒரு போடு போடுகிறார்.)

சரோஜா: சூட்டோட மூடுனா மூடி வேர்க்கும். வேர்வை தண்ணி இல்லையா? சுத்தமா ஆறட்டும், மேல மெல்லிசாத் துணி போடு. ஆறுனதும் மூடி, தேதி எழுதி ஒட்டு. ஈர வெரலை விடாம இருந்தா ஆறு மாசம் தாராளமா வரும். சிக்கு வாடை அடிச்சா தூக்கிப் போட்டுரு.

முருகேசன்: வைட்டமின் ஈ மாத்திரைய உடைச்சு ஊத்துனா கெடவே கெடாதாமே?

சரோஜா: எண்ணெய் சிக்கடிக்கறதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பூஞ்சணத்தை அது ஒண்ணும் பண்ணாது.

முருகேசன்: அப்ப கடை லோஷன்ல பெரும்பகுதி தண்ணிதானேக்கா, அது மட்டும் எப்பிடிக் கெடாம இருக்கு?

சரோஜா: அதுக்கு வேற சாமான் வேணும்டா. 70 பங்கு தண்ணி, 20 பங்கு எண்ணெய், தண்ணியையும் எண்ணெயையும் சேத்து வைக்கற எமல்சிஃபையிங் வேக்ஸ் ஆறு பங்கு, கிளிசரின் மூணு, கிருமி வளராமத் தடுக்கற பிரிசர்வேட்டிவ் ஒரு பங்கு. தண்ணியையும் எண்ணெயையும் தனித்தனியா 70 டிகிரிக்குச் சூடு பண்ணி ஒண்ணா அடிச்சு, 40க்குக் கீழ வந்தப்புறம்தான் பிரிசர்வேட்டிவ் சேக்கணும். தேன்மெழுகை மட்டும் நம்பிப் பன்னீரை ஊத்துனா கொஞ்ச நேரத்துல மேல எண்ணெய், கீழ தண்ணின்னு பிரிஞ்சு நிக்கும்.

முருகேசன்: ஆனா தண்ணியே இல்லாட்டி தோல் எப்பிடிக்கா ஈரமாகும்?

சரோஜா: இப்பத்தான் உருப்படியா ஒண்ணு கேட்ட. தண்ணி குளிக்கறப்பவே தோல்ல ஏறிருது. துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் போறதுக்குள்ள தடவணும். களிம்பு அந்த ஈரத்தை வெளிய விடாம மூடி போட்டு வைக்கும். ஒரு கைக்கு ஒரு கொண்டக்கடலை அளவு போதும். காஞ்ச தோல்ல அப்பிக்கிட்டுப் பிசுபிசுங்குதுன்னு என்கிட்ட வராத. மொத முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாரு, அரிச்சா விட்டுரு. மொகத்துக்கு வேணாம், பரு வர்ற தோலுக்குத் தேங்காயெண்ணெய் ஒத்துக்காது.

முருகேசன்: பித்தவெடிப்புக்கு?

சரோஜா: ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் காலை வச்சு, தொடச்சு, தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படு. சக்கரை இருக்கறவுக, ரத்தம் கசியற வெடிப்பு உள்ளவுக டாக்டர்கிட்டத்தான் போகணும். டபராவை சிங்க்ல கழுவாத, மெழுகு குழாயை அடைச்சுக்கும். சூடு இருக்கறப்பவே பழைய பேப்பரால தொடை.

(முருகேசன் துடைக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

சரோஜா: என்னடா?

முருகேசன்: இல்லக்கா... விக்கறதுக்கு எதுவும் லைசன்ஸ் கிய்சன்ஸ் வேணுமா?

சரோஜா: வேணும்டா. தோலுக்குப் போடற சாமானை விக்கறதுக்குத் தயாரிச்சா லைசன்ஸ் வாங்கணும், அதுக்குச் சட்டமே இருக்கு. நீ எதுக்குக் கேக்கற?

முருகேசன்: தெரு குரூப்புல நேத்தே போட்டுட்டேன். பதினஞ்சு மூலிகை சேத்த கிரீம்னு. ஒம்பது பேரு காசும் அனுப்பிட்டாங்க.

சரோஜா: அடப்பாவி! ஒருத்தர் விடாமத் திருப்பிக் குடு. யாருடா அந்த ஒம்பது ஏமாளிக?

முருகேசன்: எட்டுப் பேருக்குத் திருப்பி அனுப்பிருவேன். ஒருத்தருக்குத்தான் யோசனையா இருக்கு.

சரோஜா: ஏன்?

முருகேசன்: உங்க வீட்டுக்கார அண்ணன்தாங்க்கா. ரெண்டு டப்பா கேட்டாரு. வீட்ல கேட்டா களிம்பு கெடைக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பாடம் கெடைக்குதுன்னு சொன்னாரு.