ஜோல்னாப் பைக்குள் ஒரு ரசீது

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுக்க என் ஜோல்னாப் பையைத் தரையில் கவிழ்த்தேன். பாதி படித்த கவிதைத் தொகுப்பு, மூடி தொலைந்த பேனா, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இயர்போன், நாலாக மடித்த ஒரு காகிதம். அவன் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்தான். மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிய ரசீது. "டேய், உன்னை நாடோடின்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். பாலிசி எடுத்து வெச்சிருக்கிற நாடோடியா நீ?" என்றான்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான்தான் நாலு நாளாக மனசுக்குள் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. மொழிபெயர்ப்பு, எழுத்து, கிடைக்கிற சில்லறை வேலைகள். சட்டைக்கு இஸ்திரி கிடையாது, அலாரம் கிடையாது, யாருக்கும் சல்யூட் கிடையாது. ஆனால் முதுகுவலிக்கு நல்ல மெத்தை வேண்டும், இணையம் வேகமாக இருக்க வேண்டும், உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யாராவது ஏற்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மறுக்கவில்லை.

இந்த ரகத்துக்கு ஒரு பெயரும் உண்டு: போபோ. பூர்ஷ்வாவில், அதாவது சொத்துபத்து உள்ள வசதியானவனில் பாதி; பொஹீமியனில், அதாவது கட்டுப்பாடில்லாமல் வாழும் கலைஞனில் பாதி. அமெரிக்கப் பத்தியாளர் டேவிட் புரூக்ஸ் 2000-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய சொல். அவர் பார்த்தது அந்த ஊரின் படித்த, வசதியான கூட்டத்தை. அறுபதுகளின் கலக மனசும் எண்பதுகளின் சம்பாதிக்கும் ஆசையும் ஒரே உடம்பில் குடியேறிய கூட்டம். தங்கமும் பளபளப்பும் என்றால் முகம் சுளிப்பார்கள். அதுவே சொரசொரப்பாக, கையால் செய்ததாக, பார்த்தால் ஏழை வீட்டுப் பொருள் மாதிரி இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். அவர் எழுதியது பாதி கிண்டல், பாதி சுயவிமர்சனம். தன்னையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்துக்கொண்டார். பிரான்ஸுக்குப் போனதும் அந்தச் சொல் முழுக்க வசவாகிவிட்டது.

இந்த இரண்டு சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தாலே வேடிக்கைதான். பூர்ஷ்வா என்றால் முதலில் வெறும் நகரவாசி. பொஹீமியன் கதை இன்னும் மோசம். பிரான்ஸுக்கு வந்து சேர்ந்த ரோமா நாடோடி மக்கள் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டுப் பக்கத்திலிருந்து, வந்ததாக அங்கே உள்ளவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முன்னோர் கிளம்பியது வட இந்தியாவிலிருந்து என்று மொழி காட்டுகிறது. தப்பான முகவரியில் பிறந்த சொல். அதை அப்புறம் பாரிஸின் பராரிக் கலைஞர்களுக்கு ஒட்டினார்கள். அங்கிருந்து கை மாறி எனக்கு வந்திருக்கிறது.

அந்தப் பாரிஸ் வாழ்க்கையை உலகத்துக்குச் சொன்னவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி மூர்ஜேர். அப்பா தையற்காரர், ஒரு கட்டடத்தின் காவலாளும்கூட. மூர்ஜேர் பட்ட பட்டினி நிஜப் பட்டினி. அதை 1840-களில் ஒரு சின்னப் பத்திரிகையில் கதை கதையாக எழுதினார். 1849-இல் அது நாடகமாகி ஓடியது, 1851-இல் புத்தகமாக வந்தது. கையில் காசு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த வாழ்க்கையை விட்டு வெளியேறியது! பொஹீமியத்தைக் கொண்டாடியவர் என்று நாம் நினைக்கிற மனிதர் அதைவிட்டுத் தப்பிக்கத்தான் எழுதியிருக்கிறார். இந்த வாழ்க்கை போய் முடிகிற இடம் அகாதெமி, இல்லையென்றால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பிணவறை என்று அவரே முன்னுரையில் சொல்லிவைத்தார். 38 வயதில் ஆஸ்பத்திரியில் செத்தும் போனார். 1896-இல் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி அந்தக் கதைகளை ஓபராவாக, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக, ஆக்கினார். குளிர் தாங்காமல் தன் கையெழுத்துப் பிரதியையே அடுப்பில் போடும் கவிஞனை, மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக் கண் கலங்குகிற ரசிகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறார்கள். நானும் கலங்கியிருக்கிறேன், ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

இன்னொரு பக்கம் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ். கிட்டத்தட்ட இருபது வருடம் மான்செஸ்டரில் குடும்பப் பங்கு இருந்த பஞ்சாலை நிறுவனத்தில் கணக்கு வழக்குப் பார்த்தார். பிடிக்காத வேலை. அந்தப் பணம்தான் லண்டனில் உடுத்துகிற மேல்கோட்டை அடகு வைத்துவிட்டு வெளியே போக முடியாமல் கிடந்த மார்க்ஸைக் காப்பாற்றியது. ஓய்வு நேரத்தில் குதிரையேறி நரி வேட்டைக்கும் போனார் எங்கெல்ஸ். வர்க்கத்தைப் பற்றி உலகமே பேசக் காரணமான இருவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

கட்டங்களைக் கூட்டியும் பார்த்துவிட்டார்கள். 2013-இல் பிபிசியோடு சேர்ந்து சமூகவியலாளர்கள் நடத்திய ஆய்வில் பிரிட்டனின் வர்க்கம் ஏழானது. பணம் எவ்வளவு, யாரையெல்லாம் தெரியும், என்ன ரசனை என்று மூன்றையும் கேட்டார்கள். 1,60,000 பேருக்கு மேல் இணையத்தில் ஆர்வமாகப் பதில் சொன்னார்கள். அதில் படித்தவர்களும் வசதியானவர்களும்தான் அதிகம் என்பதால், பொதுமக்களிடம் தனியாக ஒரு சின்ன ஆய்வும் நடத்த வேண்டியிருந்தது. நாம் எந்த வர்க்கம் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்து கிளிக் செய்வதே ஒரு வர்க்கத்தின் பழக்கம் போலிருக்கிறது.

நான் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒரே வருடத்தில் வேலையை விட்டவர்கள். ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி வெளுத்த சட்டை, மாத வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தச் சர்வே எடுத்தாலும் இருவரும் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். இருவருக்கும் கடைவாய்ப்பல்லில் பிரச்சினை வந்தது. முதல் ஆள் அப்பாவுக்கு போன் போட்டார், மறுநாள் மாலை பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய அறை அப்பா வீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது, பழைய கிடார் உட்பட. இரண்டாமவர் மூன்று மாதம் வலி மாத்திரையில் ஓட்டினார். ஒரு பக்கமாக மென்று மென்று தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் போன் போட வேண்டிய வீடு, அவர் அனுப்புகிற பணத்தை எதிர்பார்க்கிற வீடு.

பூர்ஷ்வா, பொஹீமியன், போபோ எல்லாம் தாடியையும் சட்டையையும் பார்த்து வைக்கிற பெயர்கள். விழுந்தால் தாங்க ஆள் இருக்கிறதா என்பதை அவை கேட்பதேயில்லை. இந்த விஷயத்தில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் நேர்மை எனக்குப் பிடிக்கும். எழுத நினைக்கிற பெண்ணுக்கு வருடம் 500 பவுண்டும் பூட்டு போட்ட ஒரு அறையும் வேண்டும் என்று 1929-லேயே தொகையைப் போட்டுச் சொன்னார். கலை, ஆன்மா, தேடல் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. நம் ஆட்களோ எளிய வாழ்க்கை பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள், வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். அதற்காக வசதியை உதறிவிட்டுப் பட்டினி கிடந்தால்தான் நீ நிஜம் என்று சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. பல்வலியோடு யாரும் நல்ல கவிதை எழுதி நான் பார்த்ததில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். நண்பன் கவனிக்காத ஒன்று அந்த ரசீதில் இருந்தது. பாலிசிதாரர் பெயர் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. எட்டு வருடமாகக் காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவது அவள். அந்த அட்டைக்குக் கீழேதான் 'சார்ந்திருப்பவர்' என்ற தகுதியில் நான் நாடோடியாக இருக்கிறேன். கூட்டங்களில் என்னை 'சுதந்திரமான ஆள்' என்று அறிமுகப்படுத்துவார்கள், அவளை 'வேலைக்குப் போறாங்க' என்பார்கள். ஒரே வீடு, ஒரே மெத்தை. அவள் மிடில் கிளாஸ், நான் பொஹீமியன்!

இவ்வளவும் எழுதிவிட்டு அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ரசீதை ஏன் பையில வெச்சுக்கிட்டுத் திரியறீங்க? வரி கணக்குக்கு வேணும்னு ஒரு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்."