காவலர் வேலைக்கு இருக்கும் கறார் அமைச்சர் பதவிக்கு ஏன் இல்லை?

எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறி, கடைசியில் போலீஸ் வெரிஃபிகேஷனில் கழித்துக்கட்டப்பட்டான். எப்போதோ திருவிழாத் தகராறில் பெயர் சேர்த்த வழக்கு, நீதிமன்றம் விடுதலையே செய்துவிட்டது, ஆனால் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று தீர்ப்பில் இருப்பதால் அது செல்லாதாம், விதி அப்படி. சரி, காக்கி போடுகிறவன் மேல் ஒரு கறையும் கூடாது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காவல் துறைக்கே உத்தரவு போடுகிறவருக்கு என்ன விதி?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8ஆவது பிரிவின்படி, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் பதவி போகும், விடுதலையான பிறகு 6 ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. அவ்வளவுதான்! லஞ்சம் வாங்கி உள்ளே போன விஏஓவுக்கு வேலை போனது போனதுதான், கோடிக்கணக்கில் சுருட்டித் தண்டனை பெற்ற அமைச்சர் மட்டும் ஆறு வருடம் கழித்து வந்து மறுபடி கையெழுத்துப் போடலாம். இந்த ஆறு வருடமே போதும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் வேறு போட்டது. வயிறு எரிகிறது.

அந்த ஆறு வருடமாவது ஒழுங்காகத் தொடங்குகிறதா? ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 1996இல் ஆரம்பித்தது, பெங்களூருவில் தீர்ப்பு வந்தது 2014இல், நடுவில் அவர் மறுபடி மறுபடி முதல்வர். 2017இல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தபோது அவர் உயிரோடே இல்லை. திமுக அமைச்சராக இருந்த பொன்முடிக்கு 2023 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை கொடுத்தது, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அதே மாதம் திரும்பவும் அமைச்சர். எந்தக் கட்சியானாலும் இதே கதைதான்.

உடனே "பொய் வழக்குப் போட்டு எதிரியை ஒழித்துவிடுவார்களே" என்று வருவார்கள். நியாயமான பயம்தான், ஒரு மேடைப் பேச்சுக்காக ராகுல் காந்திக்கு 2023இல் சரியாக இரண்டு ஆண்டு விழுந்து மறுநாளே எம்.பி. பதவி பறிபோனதைப் பார்த்தோமே. அதனால்தான் சொல்கிறேன், வழக்கு நிலுவையில் இருப்பதற்கோ பேச்சுக் குற்றத்துக்கோ நான் தடை கேட்கவில்லை. ஊழல், கொலை, பாலியல் வன்கொடுமை, இந்த மூன்றில் தண்டனை உறுதியானால் வாழ்நாள் முழுக்கத் தடை. அப்புறம், இவர்களின் மேல்முறையீட்டை வாய்தா கொடுத்து இழுக்காமல் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும்.