மெனோர்காவில் நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள்

கோடையில் ஸ்பெயினின் மெனோர்கா தீவைப் பாய்மரப் படகில் சுற்ற வருகிறவர்கள், எந்த இரவு எந்தக் குடாவில் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது வேண்டாம். எந்தக் கரை என்பதைக் காற்று சொல்லும். ட்ரமுண்டானா என்ற வடகாற்று எழுந்தால் தெற்கே மக்கரெல்யா, துர்கெத்தா குடாக்கள் பக்கம் ஒதுங்குங்கள். தெற்கு அலை வந்தால் வடக்கே ஃபோர்னெல்ஸ் குடா.

சிக்கலெல்லாம் நங்கூரத்தில்தான். அடியில் வெளிர்நீலமாகத் தெரிவது மணல். கருந்திட்டுகள் பெரும்பாலும் பொசிடோனியா கடற்புல். அது பாசி இல்லை, வேர்விட்டுப் பூக்கும் செடி. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரே இரவில் சங்கிலி அரைத்த இடம் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். மெனோர்கா அடங்கிய பலேயரிக் தீவுகளில் 2018 ஆணைப்படி அதன்மேல் நங்கூரம் போடத் தடை. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், போடுகிறவருக்கே ஆபத்து அது. நங்கூரத்தின் கூர்முனை புல்லின் தண்டுப் பின்னலைத் துளைக்காமல் இலைமேல் படுத்திருக்கும். பகலில் பிடித்த மாதிரி இருந்துவிட்டு, இரவில் காற்று கூடியதும் நழுவும். முனையில் புல்கட்டு சிக்கினால் பிறகு மணலுக்கே இழுபட்டாலும் புதையாது.

நண்பகலை ஒட்டியே குடாவுக்குள் போய்விடுங்கள். சூரியன் உச்சியில் இருந்தால்தான் அடி தெளிவாகத் தெரியும். ஆழம் 5 மீட்டர், அணியம், அதாவது படகின் முன்முனை, நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி விடுங்கள். நங்கூரம் மட்டும் மணலில் விழுந்தால் போதாது, பலர் மறப்பது இதைத்தான். மாலைக் கடற்காற்று ஓய்ந்து கரைக்காற்று வரும்போது படகு திரும்பும், சங்கிலியும் தரையைத் துடைத்துக்கொண்டு கூடவே போகும். அந்த வட்டம் முழுக்க மணலாக இருக்க வேண்டும். இல்லையா, அடுத்த குடாவுக்குப் போங்கள், அல்லது ஃபோர்னெல்ஸில் மிதவையில் கட்டுங்கள்.

சங்கிலி விறைத்ததும் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக நிமிடத்துக்கு 2000 சுற்று வரை ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள். கரையில் ஒரு பாறை, அதற்குப் பின்னால் ஒரு மரம், இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். விலகினால் நங்கூரம் இழுபடுகிறது. அப்புறம் நீச்சல் கண்ணாடியோடு இறங்கி நேரில் பார்த்துவிடுங்கள்.

எல்லா அட்டவணையிலும் இருக்கும் சியூதாதெல்யா துறைமுகத்துக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: ரிசாகா. காற்றழுத்தம் சட்டென்று ஏறி இறங்கித் துடிக்கும்போது அந்த ஒடுங்கிய துறையின் நீர் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 2006 ஜூன் 15 அன்று 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கிப் பல படகுகள் நொறுங்கின. சாதாரணக் காற்று முன்னறிவிப்பில் இது தெரியாது. ஸ்பெயின் வானிலை நிறுவனமான ஏமெட்டின் ரிசாகா அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள்.