தாய் மீன் முட்டை விடுறது அவ்வளவு லேசு இல்ல சார்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல மீன் குஞ்சு பொரிக்கிறத 'தொட்டியில முட்டை விட்டா தானா பொரிஞ்சிடும்'னு கட்டுரையில ஒரே வரியில முடிச்சிட்டீங்க, படிச்சதும் மனசுக்கு கஷ்டமாயிடுச்சு. நான் வேதாளை பக்கம், கடல்ல மிதவைக் கூண்டு போட்டு கோபியா வளக்குறேன், கடல்விரால்னு சொல்லுவோம்ல அதான். அந்தக் குஞ்சு எங்க கைக்கு வர்றதுக்குள்ள எம்புட்டு வேலை, தாய் மீனுக்கு மயக்கம் குடுத்து, மெல்லிசா ஒரு டியூப் விட்டு கொஞ்சூண்டு முட்டைய எடுத்து மைக்ராஸ்கோப்ல அளந்து பாத்து, முத்தியிருந்தாத்தான் முட்டை விட வைக்க ஹார்மோன் ஊசி, அவசரப்பட்டா பலிக்காது. முட்டை தண்ணி மேல மிதக்கும், ஒரு நாள்ல பொரிஞ்சிடும். கஷ்டமே அதுக்கப்புறம்தான். மூணாம் நாள் வாய் திறக்கையில கண்ணுக்கே சரியா தெரியாத ரோட்டிஃபர்ங்கிற குட்டி உயிரி தீனியா ரெடியா இருக்கணும், இல்லேன்னா அம்புட்டும் போச்சு, கொஞ்சம் வளந்தா பெருசு சிறுச தின்னுடும், அதுனால அளவு பாத்து பிரிச்சுக்கிட்டே இருக்கணும்.

2010ல இந்தியாவுலயே முதல்தடவையா கோபியாவ இப்புடி பொரிக்க வச்சது மண்டபத்துல இருக்க மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிங்க, மறுவருசமே பொம்பானோ மீனையும். அவங்க இல்லேன்னா என் கூண்டு வெறும் வலைதான். அடுத்த தடவை எழுதையில ராத்திரி முழிச்சு தொட்டியில டார்ச் அடிச்சுப் பாக்குற அந்த ஆளுங்களப் பத்தியும் எழுதுங்க சார்.