வட்டிக்குச் சட்டம் கிடைத்தது, முதலுக்கு?

முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். அதனாலோ என்னவோ, ஐரோப்பாவில் முடங்கிக் கிடக்கும் ரஷ்யப் பணத்தைப் பற்றிச் செய்தி வந்தால் கடைசி வரி வரை படித்துவிடுவேன். எங்கள் கிளையில் ஒரு காண்ட்ராக்டரின் ஃபிக்சட் டெபாசிட்டை வரித்துறை அட்டாச் பண்ணியிருந்தது. மாசம் ஒரு தடவை வந்து கவுண்டரில் நிற்பார். "சார், பணம் எம்பேர்லதானே இருக்கு?" உங்கள் பேரில்தான் இருக்கிறது, வட்டியும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது, எடுக்கத்தான் முடியாது என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடப்பது வேறு கதை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. அதில் பெரும்பகுதி, ஏறக்குறைய 19,000 கோடி யூரோ, பெல்ஜியத்தின் யூரோகிளியரிடம் இருக்கிறது. பத்திரங்களைக் காத்துக் கைமாற்றித் தரும் நிறுவனம் அது. முடக்கியபோது பெரும்பாலும் கடன் பத்திரங்கள். ஒவ்வொன்றாக முதிர்ந்து ரொக்கமாகக் குவிந்தது. ரொக்கத்தை யூரோகிளியர் மறுபடி முதலீடு செய்ய, வட்டி விகிதமும் ஏறிய நேரம், 2024-இல் மட்டும் சுமார் 690 கோடி யூரோ வருமானம்.

இந்த வருமானம் யாருடையது? சும்மா கிடக்கும் ரொக்கத்துக்கு வட்டி தருவதாக யூரோகிளியர் ரஷ்யாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே இது ரஷ்யாவின் பணமே அல்ல என்று 2024 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. அந்த ஜூலையிலேயே முதல் தவணையாக 150 கோடி யூரோ உக்ரைனுக்காகப் போனது. படித்ததும் அந்தக் காண்ட்ராக்டரைத்தான் நினைத்தேன். நல்லவேளை, அவர் எங்களிடம் கணக்கு வைத்திருந்தார்!

இந்த லாபத்தை நம்பி ஜி7 நாடுகள் உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடனும் கொடுத்தன. ஆனால் முதலில், அதாவது அசல் பணத்தில், கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. 2025 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் விடிய விடியப் பேசினார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் நான் மட்டும் மாட்டிக்கொள்ள முடியாது, எல்லோரும் பங்கு போட்டுப் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார் பெல்ஜியப் பிரதமர் பார்ட் டி வெவர். நியாயமான கேள்வி. எந்த மேனேஜரும் இதைத்தான் கேட்பார். யாரும் எல்லையில்லாத ஜாமீன் தரத் தயாராக இல்லை. கடைசியில் ஒன்றியமே சந்தையில் 9,000 கோடி யூரோ கடன் வாங்கி உக்ரைனுக்குத் தருவதென்று முடிவு. வீட்டை இடித்தவனின் பணம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டித் தருகிறார்கள்.

என் கருத்து இதுதான்: அந்த அசல் பணம் உக்ரைனுக்குத்தான் போக வேண்டும். மறுகட்டமைப்புக்கு 52,400 கோடி டாலர் தேவை என்று 2025 தொடக்கத்தில் உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து கணக்கிட்டார்கள். முடங்கிய மொத்தமும் அதற்குப் போதாது. ஆனால் யார் கையால் போக வேண்டும் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

அமெரிக்கா 2024 ஏப்ரலில் 'ரெப்போ' சட்டம் போட்டது. தங்கள் நாட்டில் முடங்கிய ரஷ்ய அரசுச் சொத்தைப் பறிமுதல் செய்து உக்ரைனுக்குத் தரும் அதிகாரத்தை அது அதிபருக்குக் கொடுக்கிறது. அங்கே இருப்பது சுமார் 500 கோடி டாலர்தான், பயப்பட ஒன்றுமில்லை எனலாம். எனக்குப் பயம் தொகையில் இல்லை. 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் இருந்த ஆப்கானிஸ்தானின் 700 கோடி டாலரை பைடன் ஒரே உத்தரவில் இரண்டாகப் பிரித்தார். பாதி ஆப்கன் மக்களுக்கு. மறுபாதி, செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்கள் தொடர்ந்த வழக்குகளுக்காக நிறுத்திவைப்பு. சோற்றுக்கு அல்லாடும் நாட்டின் சேமிப்பு அது. 2025 நவம்பரில் கசிந்த டிரம்பின் 28 அம்சத் திட்டத்திலோ, ரஷ்யப் பணத்தில் 10,000 கோடி டாலரை அமெரிக்கத் தலைமையில் மறுகட்டமைப்புக்குப் போட்டு, லாபத்தில் பாதியை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது! பஞ்சாயத்து பண்ண வந்தவர் பங்கு கேட்பதற்கு நம்மூரில் வேறு பெயர்.

"நாளைக்கு நம்ம பணத்தையும் இப்படி எடுத்துட்டா?" என்று நண்பர் கேட்டார். அந்தக் கேள்வி பல மத்திய வங்கிகளுக்கும் இருக்கும். 2023-24-இல் ரிசர்வ் வங்கி பிரிட்டனிலிருந்து சுமார் 100 டன் தங்கத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. இதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து நாட்டின் மேல் டாங்கிகளை ஏவாத நாடு இதில் தூக்கம் கெடத் தேவையில்லை. அதற்கு ஒரே நிபந்தனை, தீர்ப்புச் சொல்வது ஒரு தனி அதிபராக இருக்கக் கூடாது.

1990-இல் ஈராக் படையெடுத்த குவைத் விஷயத்தில் அப்படிச் செய்து காட்டினார்கள். 1991-இல் ஐநா பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து, ஒவ்வொரு கோரிக்கையையும் ஆராய்ந்து, 5,240 கோடி டாலர் கொடுத்தார்கள். வேலையைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய லட்சக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது, இந்தியர்களுக்கும்தான். பாதுகாப்பு அவையில் ரஷ்யாவிடமே வீட்டோ இருப்பதால் அந்த வழி இப்போது இல்லை. அதனால் ஐரோப்பிய நாடுகள் உக்ரைனுக்கென்று ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைக்க 2025 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒப்பந்தம் போட்டன. போர்ச் சேதக் கோரிக்கைகளைப் பதியும் பதிவேடு ஏற்கெனவே அங்கே இயங்குகிறது. ஆணையம் வரட்டும், ஒவ்வொரு கோரிக்கையாகத் தீர்ப்புச் சொல்லட்டும், அந்தத் தீர்ப்பைக் காட்டி யூரோகிளியரின் கதவைத் தட்டட்டும். வட்டியில் காட்டிய சாமர்த்தியத்தைச் சட்டம் எழுதுகிறவர்கள் இதில் காட்டினால் போதும்.

குவைத்துக்குக் கடைசித் தவணை போய்ச் சேர்ந்தது 2022 ஜனவரியில். ஆக மொத்தம் 31 வருடம். அடுத்த மாதம் கீவ் மேல் குண்டு விழுந்தது.