ஆர்கான் எதற்காக?

குண்டு பல்பில் டங்ஸ்டன் என்ற உலோக இழை எரிந்துபோகாமல் காக்கவே ஆர்கான் என்ற வாயு அடைக்கப்படுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது பாதி உண்மையே. காற்றை வெளியேற்றிவிட்டாலே இழை எரிந்துபோகாது. தொடக்ககால பல்புகள் வெற்றிடத்துடன்தான் வந்தன. ஆனால் 3422 பாகை செல்சியசில் உருகும் டங்ஸ்டன்கூட, ஏறத்தாழ 2500 பாகையில் ஒளிரும்போது சிறிது சிறிதாக ஆவியாகி, கண்ணாடியின் உட்புறத்தில் கரும்படலமாகப் படிகிறது (பழைய பல்பைக் கழற்றியவர்கள் அந்தக் கருமையைப் பார்த்திருப்பார்கள்). வினைபுரியாத வாயுவை நிரப்பினால் இந்த ஆவியாதல் குறையும் என்பதை ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பணியாற்றிய இர்விங் லாங்மியூர் 1913-ஆம் ஆண்டளவில் கண்டார். அவர் முதலில் நிரப்பியது நைட்ரஜன், ஆர்கான் பிறகு வந்ததுதான். வாயு வெப்பத்தைக் கடத்திச் செல்வதால் ஏற்படும் இழப்பைக் குறைக்கவே இழையை நெருக்கமான சுருளாகச் சுற்றினார்கள். ஆவியாதலைக் குறைக்கும் இந்தப் பணிதான் அந்தக் கட்டுரையில் விடுபட்டிருப்பது.